இடிதாங்கியின் இரண்டாம் பக்கம்

அத்தியாயம் ஏழு

லிஃப்ட் மூன்றாவது மாடியோடு நின்றுவிட்டது. போக வேண்டியது ஐந்தாவது மாடி.

“அத்தான், கதையில வர்ற துப்பறியறவங்க எல்லாம் கார்ல துரத்துறாங்க. நீங்க என்னடான்னா என்னைப் படிக்கட்டுல துரத்துறீங்க” என்று மூச்சு வாங்கினாள் கண்டக்டர்.

“பேசாம ஏறு. பேசுற மூச்சுல ரெண்டு படி ஏறலாம்.”

“பேசாம ஏறினா நான் செத்துட்டேன்னு நினைச்சுப்பீங்க.”

கண்டக்டர் என்பது வெறும் பட்டப்பெயர் இல்லை. இருபத்திரண்டு வருஷம் டவுன் பஸ்ஸில் பை மாட்டி, விசில் ஊதி, விருப்ப ஓய்வு வாங்கியவள். டிக்கெட் எடுக்காதவனை அவன் பிடரியைப் பார்த்தே பிடித்துவிடுவாள். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் அக்கா புருஷனின் துப்பறியும் ஆபீஸில் வந்து ஒட்டிக்கொண்டாள். அந்த அக்கா புருஷன் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரரின் படிக்கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தே பத்து கிராம் குறைகிறது என்று சொல்லிவிடுவார். அதனால் எல்லோருக்கும் அவர் தராசு. சிரிப்பையும் அவர் நிறுத்துத்தான் கொடுப்பார். வாரத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிகம்.

கேஸ் வந்து மூன்று நாள் ஆகிறது. கொண்டு வந்தவள் பக்கத்துத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அம்மா. நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“எங்க வீட்டுக்காரர் இப்போ கடைக்குப் பின்னாடி லென்ஸ் தேய்க்கிறார். ஒரு காலத்துல ‘இடிதாங்கி’ன்னு ராக் பேண்ட். அதுல பேஸ் கிட்டார். டொம் டொம்னு அடிச்சதால டொம்முன்னே பேர் நின்னுபோச்சு. அவங்க கடைசியா போட்ட இசைத்தட்டுல முதல் பக்கம் ஊரெல்லாம் பாடின பாட்டு. ரெண்டாவது பக்கம் இவர் எனக்காக எழுதி, இவரே பாடினதாம். ஃபேக்டரிக்காரன் தப்பு பண்ணி, ரெண்டு பக்கத்துலயும் முதல் பாட்டையே அடிச்சுட்டானாம். முப்பது வருஷமா இதைத்தான் சொல்றார். முப்பது வருஷமா எங்க அண்ணன் சிரிக்கிறான். குடும்பத்துல நாலு பேர் கூடினா போதும், ‘மாப்பிள்ளை, உங்க பாட்டைக் கொஞ்சம் போடுங்களேன், கேப்போம்’னு எல்லார் முன்னாடியும் ஆரம்பிச்சுடுவான். இவர் தலையைக் குனிஞ்சுக்குவார். எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும். பாட்டு இருக்கா, இல்ல நான் ஒரு புளுகனோட குடும்பம் நடத்திட்டு இருக்கேனா?”

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இடிதாங்கியின் பாட்டு அத்தனையையும் ஒரே பெட்டியில் போட்டு விற்க ஒரு தொகுப்பாளர் கிளம்பியிருந்தார். முப்பத்தெட்டு பாட்டு தயார். டொம்முவின் பாட்டு இன்று மாலை ஐந்து மணிக்குள் கையில் வந்தால் முப்பத்தொன்பது. வராவிட்டால் பெட்டியை மூடிவிடுவார். அடுத்த மாதம் வெளியீட்டு விழா. அண்ணனுக்கு முன் வரிசையில் இடம்.

மூன்று நாள் அலைந்ததில் ஒரே ஒரு நூல்தான் கிடைத்தது. அந்த பேண்ட் பாடிய ஸ்டூடியோவை மூடிப் பத்து வருஷம் ஆகிறது. அங்கே வேலை பார்த்த ஒலிப்பதிவாளர் போனில் சொன்னார்: ஸ்டூடியோவின் டேப் அலமாரியை அப்படியே ஒருத்தர் தூக்கிக்கொண்டு போனார். அந்த ஒருத்தர்தான் இந்த ஐந்தாவது மாடி.

மணி மூன்றரை. கதவைத் திறந்தவர் இரண்டு கையிலும் வெள்ளைப் பருத்தி உறை போட்டிருந்தார். பழைய ஒலிநாடா சேகரிப்பவர்கள் மத்தியில் அவருக்கு டேப் அண்ணன் என்று பெயர்.

“செருப்பை வெளியில விடுங்க. தும்மல் வந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க” என்றார்.

“எத்தனை நிமிஷம் முன்னாடி?” என்று கேட்டாள் கண்டக்டர்.

உள்ளே ஜன்னலைத் தவிர மற்ற சுவரெல்லாம் டேப் பெட்டிகள். நடு அறையில் ஒரு பழைய ரீல் மெஷின், ஒரு பக்கம் ஒரு சக்கரம், மறுபக்கம் ஒரு சக்கரம். எதிரே தரையில் ஏழு மெத்தைகள் வட்டமாகப் போட்டிருந்தன.

தராசு நேராக விஷயத்துக்கு வந்தார். “இடிதாங்கி டேப் எத்தனை இருக்கு?”

“முப்பத்தொம்பது.”

“பாட்டு முப்பத்தெட்டுதானே?”

டேப் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “அந்த முப்பத்தொம்பதாவது பாட்டு இல்லைங்க. அது ஒரு அனுபவம்.”

“டொம்மு பாடின பாட்டா?”

“டொம்முவா? லென்ஸ் தேய்க்கிறவரா?” டேப் அண்ணன் பாவப்பட்டுச் சிரித்தார். “பெட்டி மேல லேபிளே கிடையாது. இடிதாங்கி ரகசியமா பண்ணின பரிசோதனை அது. மொழியே புதுசு. உலகத்துல யாரும் பேசாத மொழி. எங்க வட்டத்துல ஏழு பேர். பத்து வருஷமா புதன்கிழமை தவறாம உட்கார்ந்து கேக்குறோம். ஒருத்தர் அந்த மொழிக்கு அகராதியே எழுதிட்டு இருக்கார். பாதி முடிச்சாச்சு.”

“அர்த்தம் தெரியாமலே அகராதியா?” என்றாள் கண்டக்டர். “எங்க டிப்போ மேனேஜர் இப்படித்தான் டைம் டேபிள் போடுவார்.”

“நாங்க கேக்கலாமா?” என்றார் தராசு.

டேப் அண்ணன் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது போல எடுத்து வந்தார். சக்கரத்தை மெஷினின் இடது பக்கம் மாட்டி, நாடாவின் நுனியை வலது சக்கரத்தில் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

எங்கிருந்தோ ஒரு உறிஞ்சல் கிளம்பியது. ஷ்ஷ்ஷ் என்று மெதுவாக ஆரம்பித்து, பெருகிப் பெருகி, டப்பென்று அறுந்தது. மறுபடி உறிஞ்சல். மறுபடி டப். நடுவில் ஒரு ஆண் குரல், வெந்நீரை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போல, “ஓயுவ்... லெத்யூ... ஓயுவ்...” என்றது. டேப் அண்ணனின் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியது.

கண்டக்டர் தராசின் காதருகே குனிந்தாள். “அத்தான், எங்க பஸ் டிப்போல பின்னாடி வரும்போது இப்படித்தான் முனகும். நான் பின்னாடி நின்னு ‘வரலாம், வரலாம்’னு விசில் ஊதுவேன்.”

காதைச் சொறிந்துகொண்டிருந்த தராசு நிறுத்தினார்.

“என்ன சொன்ன?”

“விசில் ஊதுவேன்னேன்.”

“அதுக்கு முன்னாடி.”

“பஸ் பின்னாடி வரும்னேன். அதுல என்ன, நான் இடிச்சதே இல்லை.”

தராசு எழுந்தார். கேட்காமலே சமையலறைக்குள் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஒரு கரண்டியும் எடுத்து வந்தார். டேப் அண்ணன் பதறிப்போய் மெஷினை நிறுத்தினார். அறை அமைதியானதும் தராசு டம்ளரைக் கையில் தூக்கிக் கரண்டியால் ஒரு தட்டு தட்டினார்.

டிங்ங்ங்ங்...

“சத்தம் எப்படிப் போச்சு?”

“பெருசா வந்துச்சு. அப்புறம் சின்னதாகிச் சின்னதாகி அடங்கிருச்சு” என்றாள் கண்டக்டர்.

“இவர் டேப்புல, அந்த டிரம்ஸ்காரன் அடிக்கிற பித்தளைத் தட்டு?”

அவள் யோசித்தாள். “சின்னதா வருது. பெருசாகுது. டப்புனு நின்னுடுது.”

“எந்தப் பாத்திரமாவது அடி வாங்குறதுக்கு முன்னாடியே அழுமா?”

“பாத்திரம் அழாது. எங்க வீட்டுக்காரர் அழுவார்.”

தராசு சிரிக்கவில்லை. போனை எடுத்து ஒலிப்பதிவாளருக்குப் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

“ஐயா, உங்க ஸ்டூடியோல பாட்டு பதிஞ்சு முடிச்சதும் டேப்பை என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்ணுவோம், பெட்டியில வெப்போம்” என்றது ஒரு கிழட்டுக் குரல்.

“திரும்ப முதலுக்கே சுத்தி வெப்பீங்களா?”

“ஐயையோ, சுத்தவே மாட்டோம்! ஓடி முடிஞ்சது முடிஞ்ச மாதிரியே வெக்கணும். வருஷக்கணக்கா சும்மா கிடந்தா ஒரு சுத்துல இருக்கிற சத்தம் அடுத்த சுத்துல லேசா ஒட்டிக்கும். இப்படி வெச்சா அது பாட்டுக்கு அப்புறம் எதிரொலி மாதிரி மறைஞ்சுடும், தெரியாது. பாட்டோட வால் வெளியில, தலை உள்ள. கேக்கணும்னா முதல்ல சுத்திட்டுத்தான் கேக்கணும், இல்லேன்னா பாட்டு பின்னாடிலேர்ந்து ஓடும். எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியுமே. ஏன், எவனாவது அப்படியே போட்டுக் கேட்டானா?”

தராசு டேப் அண்ணனைப் பார்த்தார். டேப் அண்ணன் மெஷினைப் பார்த்தார்.

“மத்த முப்பத்தெட்டும் ஒழுங்கா இருந்துச்சே...” என்றார் ஈனசுரத்தில்.

“அதெல்லாம் ஃபேக்டரிக்குப் போய் வந்த டேப். அவங்க கேட்டுட்டு, சுத்தி அனுப்பியிருப்பாங்க” என்றது போன். “கேக்காததுதான் எங்க முறைப்படியே கிடக்கும்.”

“நான் ஒவ்வொரு புதன்கிழமையும் கேட்டு முடிச்சதும் ஒழுங்கா, சுத்தமா, பழையபடியே சுத்தி வெச்சேனே!”

“அதான் அண்ணே விஷயம்” என்றாள் கண்டக்டர். “நீங்க மட்டும் ஒரு நாள் சோம்பேறியா இருந்திருந்தா உண்மை தெரிஞ்சிருக்கும்.”

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலைதான். டேப்பைக் கடைசிவரை வலது சக்கரத்துக்கு ஓட விட்டு, திரும்பச் சுற்றாமல், அந்தச் சக்கரத்தைத் தூக்கி இடது பக்கம் மாட்ட வேண்டும். டேப் அண்ணன் உறை போட்ட கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்டக்டரே மாட்டினாள். இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் கட்டு மாட்டிய விரல்கள் அவை.

பொத்தானை அழுத்தினாள்.

“ஒன்னு, ரெண்டு... ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு!” என்றது சுத்தமான தமிழில் ஒரு இளைஞன் குரல்.

டேப் அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டிரம்ஸ் தடதடத்தது. அதற்கு மேலே, மற்ற எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, டொம் டொம் டொம் என்று பேஸ் கிட்டார். தன் வாத்தியத்தை மட்டும் கூட்டி வைக்கச் சொல்லி அடம்பிடித்திருக்கிறான். பாட்டு வந்தது.

*இடது கண்ணை மூடிக்கிட்டு வலது கண்ணால் பாரு,*
*கடைசி வரி தெரியலேன்னா கிட்ட வந்து கூறு!*
*இது தெளிவா? அது தெளிவா? மாத்தி மாத்திப் பாரு,*
*மங்கலாவே இருந்தாலும் நான்தான், வேற யாரு!*

சுருதி ஒரு பக்கம், பாடகன் ஒரு பக்கம். இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்து, இருமி, நிறுத்தாமல் பாடிக்கொண்டே போயிருந்தான்.

“அத்தான்” என்றாள் கண்டக்டர் மெதுவாக. “இதைப் பின்னாடிலேர்ந்து கேட்டதே தேவலாம்.”

தராசின் மீசை ஒரு முறை துடித்தது. அந்த வாரத்துச் சிரிப்பு அதுதான்.

கண்ணாடிக் கடைக்காரம்மாவுக்குப் போன் போனது. பதினைந்து நிமிஷத்தில் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். இரண்டு மாடி ஏறிய மூச்சு அடங்கும் முன்பே பாட்டைப் போட்டார்கள். முதல் வரியிலேயே புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“எங்கப்பா கடைல கண் டெஸ்ட் பண்ண வந்தார்” என்றாள். “நான்தான் லென்ஸ் மாத்தி மாத்திப் போட்டு ‘இது தெளிவா, அது தெளிவா’ன்னு கேட்டேன். கண்ணுல ஒரு குறையும் கிடையாது. நாலு தடவை வந்தார் மனுஷன்.” சிரித்தாள், அழுதாள், மூக்கை உறிஞ்சினாள். “ஐயோ, என்ன மோசமா பாடறார்! இருக்கு! பாட்டு இருக்கு! அண்ணன் மூஞ்சில இதைத் தூக்கிப் போடுறேன். புளுகன் இல்லை எங்க வீட்டுக்காரர்.”

கேஸ் முடிந்தது என்று கண்டக்டர் கைப்பையை எடுத்தாள். அப்போதுதான் மூலையிலிருந்து டேப் அண்ணன் பேசினார். இடிந்து போனவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு துரும்பு வேண்டியிருந்தது.

“சரி, அது பாட்டுன்னே வெச்சுக்குவோம். அப்போ அந்த வாசகம்?”

“எந்த வாசகம்?” என்றார் தராசு.

“பெட்டிக்குள்ள டேப்போட இருந்துச்சே. எங்க வட்டத்தோட தத்துவமே அதுதான்.” உள்ளறையிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்து வந்தார். பொன்னிற விளிம்பு, கண்ணாடி, உள்ளே கோடு போட்ட ஒரு பழுப்புத் தாள். மரியாதையோடு வாசித்தார். “‘முதல் பக்கத்தையே இரண்டு பக்கமும் போடவும். இது வேண்டாம்.’ வாழ்க்கைக்கு மறுபக்கம்னு ஒண்ணு கிடையாது, தெரியுறது மாயை, அதைத் துறந்துடுன்னு எங்க அகராதிக்காரர் விளக்கம் சொல்லுவார்.”

டிக்கெட் இல்லாத ஆளின் பிடரி தெரிந்துவிட்டது கண்டக்டருக்கு. தராசு கடைக்காரம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சட்டத்தை வாங்கக் கை நீட்டினார்; அவள் முந்திக்கொண்டு வாங்கிவிட்டாள்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். முப்பது வருஷமாக வீட்டுக்காரர் லென்ஸ் பவர் எழுதிய சீட்டு நாளுக்கு இருபது முப்பது பார்க்கிறாள். இந்தக் கையெழுத்தை அவள் இருட்டிலும் சொல்லிவிடுவாள்.

“ஃபேக்டரிக்காரன் தப்பு பண்ணலை” என்றாள். “இவரேதான் நிறுத்தச் சொல்லியிருக்கார்.”

“அதனாலதான் இந்த டேப் ஃபேக்டரிக்கே போகலை” என்றார் தராசு. “சீட்டு மட்டும் போய் வந்திருக்கு.”

சரியாக அந்த நேரத்தில்தானா அந்த மனுஷன் வர வேண்டும். கதவு திறந்தே இருந்தது. முன்னால் கட்டிய துணியில் லென்ஸ் தூள் வெள்ளை வெள்ளையாக அப்பியிருக்க, மனைவி போன இடத்தை விசாரித்து ஓடி வந்த டொம்மு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தெட்டு வயசு, தலையில் கடைசியாக மிஞ்சிய முடியை மட்டும் இன்னும் நீளமாக வைத்திருந்தார்.

“கடையைத் திறந்து போட்டுட்டு எங்க ஓடி வந்த? ஒருத்தர் கண்ணுல சொட்டு மருந்து விட்டபடியே உட்கார்ந்திருக்கார்...” என்றவர் சட்டத்தைப் பார்த்தார்.

“எனக்காக எழுதினீங்க” என்றாள் அவள். “நீங்களே வேண்டாம்னீங்க. ஏங்க?”

டொம்மு அங்கிருந்த ஏழு மெத்தையில் ஒன்றில் உட்கார்ந்தார்.

“கீழ தேதி போட்டிருக்கேன் பாரு.”

பார்த்தாள்.

“அந்த வாரம்தான் உன்கிட்ட வந்து, என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டேன். நீ யோசிச்சுச் சொல்றேன்னுட்டு உள்ள போயிட்ட. ஒரு நாள் ஆச்சு, ரெண்டு நாள் ஆச்சு. கடைக்கு வந்தா உன்னைக் காணோம். ஆறாவது நாள் ஃபேக்டரிலேர்ந்து ஆள் வந்தான். வேண்டாம்னு சொன்ன பொண்ணைப் பத்தி நான் பாடின பாட்டு ஊரெல்லாம் ஓடும், அதை நீ கேப்ப, உங்க அண்ணன் கேப்பான்னு நினைச்சேன். எழுதிக் கொடுத்துட்டேன். எட்டாவது நாள் நீ வந்து சரின்னுட்ட. அதுக்குள்ள தட்டு அடிச்சு லாரில ஏத்திட்டாங்க.” குரல் இறங்கியது. “ஒரு வாரம்கூட உன்னை நம்பலேன்னு எப்படிச் சொல்றது? ஃபேக்டரிக்காரன் மேல போட்டேன். அப்புறம் மாத்த முடியலை.”

“நான் எங்க வேண்டாம்னேன்? யோசிக்கிறேன்னா வேண்டாம்னு அர்த்தமா?”

“எட்டு நாளா யோசிப்பாங்க?”

கடைக்காரம்மாவின் முகம் சிவந்தது. கண்டக்டர் கூர்ந்து பார்த்தாள். இந்தப் பிடரியிலும் ஒரு டிக்கெட் குறைகிற மாதிரி இருந்தது.

“யோசிக்கலை” என்றாள் கடைசியில். “அன்னிக்கு சாயங்காலமே கடவாய்ப்பல் பிடுங்கினாங்க. மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கிருச்சு. ஒரு பக்கக் கண்ணே தெரியலை. அந்த மூஞ்சியோட வந்து சரின்னு சொல்ல எனக்கு மனசு வரலை. வீக்கம் வடியட்டும்னு இருந்தேன்.”

“பல்லா?” என்றார் டொம்மு.

“பல்லுதான்.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“எட்டு நாள் யோசிச்ச பொண்ணுன்னு ஒரு மதிப்பா இருந்துச்சு. விட்டுட்டேன்.”

“அத்தான்” என்று கிசுகிசுத்தாள் கண்டக்டர், “நம்ம ரிப்போர்ட்ல குற்றவாளி யாருன்னு போடுறது? பல் டாக்டர்னு போட்டுடலாமா?”

தராசின் போன் அடித்தது. தொகுப்பாளர். மணி நாலு ஐம்பத்திரண்டு. பெட்டியை மூடலாமா, வேண்டாமா?

டொம்மு இரண்டு கையையும் ஆட்டினார். “வேண்டாம், வேண்டாம். கேட்டீங்கல்ல எப்படி இருக்குன்னு? இருபத்தெட்டு வயசுல பாடினது. எல்லாரும் சிரிப்பாங்க. உங்க அண்ணன் உருண்டு சிரிப்பான். பாட்டே இல்லேன்னு சொல்லிடுங்க, எனக்குப் பழகிப்போச்சு.”

டேப் அண்ணன் ஆவலாக எட்டிப் பார்த்தார். “பின்னாடிலேர்ந்து ஓடுறதை வேணா கொடுக்கலாம். அதுக்கு ஏழு ரசிகர்கள் ரெடியா இருக்காங்க...”

கடைக்காரம்மா யாரையும் கேட்கவில்லை. தராசின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“ஆமாங்க, பாட்டு கிடைச்சிருச்சு. என் வீட்டுக்காரர் எழுதினது, அவரே பாடினது... எப்படி இருக்குன்னா கேக்குறீங்க? ரொம்ப மோசமா இருக்கு. போடுங்க. அவர் பேரைப் பெருசா போடுங்க. முப்பத்தொம்பதுன்னு எழுதிக்கோங்க, இப்பவே ஆள் அனுப்புறோம்.”

போனைத் திருப்பிக் கொடுத்தவள் தராசை நிமிர்ந்து பார்த்தாள். “ரிப்போர்ட்டு எழுதிக் கொடுப்பீங்கல்ல? அண்ணன் அதையும் கேப்பான்.”

தராசு பையிலிருந்து தாளை எடுத்தார். வாழ்நாளில் ஒரு கிராம் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை அவர். பேனாவைத் திறந்து, சட்டத்திலிருந்த சீட்டை ஒரு முறை பார்த்தார். பிறகு ஒரே வரி எழுதினார்: *பாட்டு இருந்தது. கிடைத்தது.* கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

“ஃபேக்டரி சமாச்சாரம்?” என்று கேட்டாள் கண்டக்டர்.

“கேட்டது பாட்டு இருக்கான்னு. அதுக்கு எடை சரியா இருக்கு.”

கடைக்காரம்மா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தன் போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டாள். டொம்மு எழுந்து தடுக்கப் பார்த்தார்.

“அவன்கிட்ட ஏம்மா இப்பவே? அவன் பாட்டைக் கேட்டா இன்னும்தான் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும்” என்றாள் அவள், மணி அடிக்கிற போனைக் காதில் வைத்தபடி. “பாட்டைக் கேட்டுட்டுச் சிரிக்கட்டும். கேக்காமலே சிரிச்சது போதும்... ஹலோ, அண்ணா! உன் மாப்பிள்ளை பாட்டு கேக்கணும்னு சொல்லிட்டே இருப்பியே, ஃப்ரீயா இருக்கியா?”